எம்416: பழைய இராணுவ டிரெய்லருக்குப் புதிய ஆக்சிலும் சக்கரங்களும்

அமெரிக்க இராணுவத்தின் எம்151 என்னும் சிறிய ஜீப் இழுத்துச் செல்வதற்கென்று 1960களில் வந்த கால் டன் டிரெய்லருக்கு எம்416 என்று பெயர். மேலே திறந்த ஒரு இரும்புத் தொட்டி, அதற்கு அடியில் ஒரு சட்டம், ஒற்றை ஆக்சில், இரண்டு சக்கரங்கள், முன்னால் கொக்கியில் மாட்டுவதற்கு ஒரு இரும்பு வளையம், கழற்றி நிறுத்தும்போது ஊன்றிக்கொள்ள ஒரு கால் என்று மிக எளிய அமைப்புக் கொண்டது. கால் டன் என்பது அமெரிக்கக் கணக்கில் 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோ. சாலையே இல்லாத இடத்தில், கல்லிலும் சேற்றிலும் இழுபடும்போது ஏற்றத்தக்க சுமையைத்தான் இராணுவம் இப்படிக் குறித்தது என்பதால், தார்ச்சாலையில் மட்டும் ஓடும் டிரெய்லர்களின் சுமைக் கணக்கோடு இதை ஒப்பிட்டு இளைத்த வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. காலி வண்டியே சுமார் 260 கிலோ எடை கொண்டது. அதில் பெரும்பகுதி நல்ல கனமான தகடு.

எம்151 ஜீப்புக்கு வளைவுகளில் கவிழும் கெட்ட பெயர் இருந்தது. அதனால் அவற்றைக் கழித்துக் கட்டியபோது முழு வண்டியாகப் பொதுமக்களிடம் விற்காமல், துண்டாக வெட்டிப் பழைய இரும்பாகவே பெரும்பாலும் விற்றார்கள். டிரெய்லருக்கு அந்தக் கதி நேரவில்லை. 1980களில் ஹம்வீ வந்து ஜீப்புகளின் இடத்தைப் பிடித்த பிறகு, இழுப்பதற்கு வண்டி இல்லாமல் நின்ற இந்த டிரெய்லர்கள் ஏலத்துக்கு வந்து, விவசாயிகளிடமும் வேட்டைக்குப் போகிறவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. கொலராடோவில் நான் வாங்கியதும் அப்படி ஒரு பண்ணையில் விறகு சுமந்துகொண்டிருந்ததுதான். தொட்டியில் ஓட்டை இல்லை, சட்டத்தில் விரிசல் இல்லை, இராணுவ எண் பொறித்த தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தத் தகட்டைப் பெயிண்ட் அடிக்கும் ஆர்வத்தில் யாரும் கழற்றி எறிந்துவிடக் கூடாது. டிரெய்லரைப் பதிவு செய்யப் போகும்போது, ஏலத்தின்போது அரசு தந்த எஸ்எஃப்-97 சான்றிதழ் கைமாறிக் கைமாறித் தொலைந்துபோயிருந்தால், அலுவலகத்தில் காட்டுவதற்கு அந்த எண் ஒன்றுதான் மிஞ்சும்.

தொட்டியும் சட்டமும் நன்றாக இருந்தன என்றேன். அடிப்பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 7.00-16 அளவிலான பழைய இராணுவ டயர்களின் பக்கச் சுவர்கள் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தன. குறுக்கு நூல் அடுக்கில் செய்யப்பட்ட இந்த டயர்களின் கட்டைகள் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். சேற்றில் நன்றாகக் கடிக்கும், ஆனால் ஈரமான தார்ச்சாலையில் நம்பிக்கைக்கு உரியவை அல்ல, நெடுஞ்சாலை வேகத்தில் எழுப்பும் இரைச்சலும் சொல்லி மாளாது. சக்கரம் மாட்டும் நடுக்குடமான ஹப்பைத் திறந்தபோது கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. ஒரு பக்கம் பேரிங் ஓடிய தடம் ஆக்சில் முனையில் பள்ளமாகவே பதிந்திருந்தது. ஓடும்போது பிடிக்கும் பிரேக் இதில் கிடையாது, நிறுத்தி வைப்பதற்கான கைப்பிரேக் மட்டுமே உண்டு, அதுவும் துருவில் இறுகிக் கிடந்தது.

இந்த நிலையில் பலரும் செய்வது சக்கரத்தை மட்டும் மாற்றுவது. இந்த டிரெய்லரில் சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகள், அதாவது வீல் ஸ்டட்கள், ஐந்தும் 5½ அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. பழைய சிஜே வகை ஜீப்புகளுக்கும் அதே அளவுதான். ஆகவே சிஜே வைத்திருப்பவர்கள் தங்கள் சக்கரத்தையே இதில் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. என்னிடம் இருப்பது 2007 முதல் வந்த ஜேகே வகை ராங்லர் ஜீப். அதன் ஸ்டட் வட்டம் 5 அங்குலம். அரை அங்குல வேறுபாடுதான் என்றாலும், ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஏறாது. இடையில் ஒரு அலுமினிய அடாப்டரை வைத்துச் சமாளிக்கலாம். அடாப்டர் சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. தேய்ந்த ஆக்சில் முனையின் மேல் இன்னும் நீண்ட நெம்புகோலைக் கட்டித் தொங்கவிடுவதற்கு அது சமம். பிரேக்கும் அதனால் வந்துவிடப் போவதில்லை. தேய்ந்த ஆக்சிலுக்கு அடாப்டர் வாங்குவது, என் கணக்கில், பணத்தை இரண்டு முறை செலவழிப்பது.

டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் ஒரே சக்கரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் முதல் நிபந்தனை. யூட்டாவின் மணல்வெளிப் பாதைகளில் மனித நடமாட்டமுள்ள இடத்துக்கு வந்து சேரவே பாதி நாள் ஆகும். அங்கே வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி, டிரெய்லருக்கு வேறு அளவில் ஒரு ஸ்டெப்னி என்று சுமந்து திரிவது வீண். ஜீப்பின் பின்கதவில் ஒன்று, டிரெய்லரில் அதே அளவில் ஒன்று என்று இருந்தால், இரண்டும் எங்கே வேண்டுமானாலும் ஏறும். ஜேகேயின் வீல் நட்டும், அமெரிக்காவில் விற்கும் 3,500 பவுண்டு டிரெய்லர் ஆக்சிலின் வீல் நட்டும் ஒரே மரை, அதாவது அரை அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. ஆக நட்டுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வந்த ஜேஎல் ராங்லரில் 14 மில்லிமீட்டர் நட்டுக்கு மாறிவிட்டார்கள். ஜேஎல் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரம் பொருந்தினாலும் நட்டு பொருந்தாது. ஆறு ஸ்டட் சக்கரமுள்ள டொயோட்டா வைத்திருப்பவர்கள் ஆறு ஸ்டட், 5½ அங்குல வட்டம் என்று ஹப்பைக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களுக்கும் நட்டு தனித்தனிதான். இவற்றோடு சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் மூக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பதும் அவசியம். பட்டியலில் எழுதியிருப்பதை நம்பாமல், ஸ்டெப்னியைக் கழற்றிக் கடைக்கே உருட்டிக்கொண்டு போய், அங்கிருந்த ஹப்பில் மாட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.

இரண்டாவது நிபந்தனை தடம். எம்151 ஜீப்பின் இடச் சக்கர நடுவுக்கும் வலச் சக்கர நடுவுக்கும் இடையே 53 அங்குலம். எம்416 அந்தக் குறுகிய ஜீப்பைப் பின்தொடர்வதற்காகப் பிறந்தது. ஜேகேயில் அதே அளவு 61.9 அங்குலம். தார்ச்சாலையில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மணலில்தான் இதன் அருமை தெரியும். ஜீப்பின் சக்கரங்கள் மணலை அழுத்திக் கெட்டியாக்கிவிட்டுப் போகின்றன. டிரெய்லரின் சக்கரங்கள் அதே தடத்தில் வந்தால் உருண்டு வரும், தடத்துக்கு உள்பக்கம் விழுந்தால் புது மணலைத் தாமே உழுதுகொண்டு வர வேண்டும். அந்த இழுவை முழுவதும் எஞ்சின் தலையில் விடிகிறது. குறுகிய தடமுள்ள டிரெய்லர் சாய்ந்த பாறையில் கவிழ்வதற்கும் எளிது.

இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால் ஆக்சிலின் நீளம் தானாகவே கிடைத்துவிடும். ஆக்சில் செய்து தரும் கடையில் முதலில் கேட்பது, சக்கரம் வந்து பதியும் இரு ஹப் முகங்களுக்கும் இடையேயான தூரம். சக்கரத்தின் நடுக்கோடு ஹப் முகத்திலேயே அமைவதில்லை. ஜேகேயின் 17 அங்குலச் சக்கரத்துக்கு ஆஃப்செட் 44.45 மில்லிமீட்டர், அதாவது 1¾ அங்குலம். ஹப்பில் மாட்டியதும் சக்கரத்தின் நடுக்கோடு அந்த அளவுக்கு உள்ளே தள்ளி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 3½ அங்குலம். 61.9 அங்குலத் தடம் வேண்டுமென்றால் ஹப் முகங்களுக்கிடையே 65.4 அங்குலம் இருக்க வேண்டும். 65½ என்று எழுதிக் கொடுத்தேன். ஆஃப்செட்டைக் கணக்கில் சேர்க்காமல் 61.9 என்றே எழுதிக் கொடுத்திருந்தால் டயர்கள் ஒவ்வொரு பக்கமும் 1¾ அங்குலம் உள்ளே நுழைந்து, சுமை ஏறிக் குலுங்கும்போது தொட்டியின் பக்கத் தகட்டில் உரசக்கூடும். ஜேகேயின் 255/75ஆர்17 டயர் அகலம் சுமார் 10 அங்குலம் என்பதால், தடம் 62 அங்குலம் இருக்கும்போது இரு டயர்களின் உள்விளிம்புகளுக்கும் நடுவே 52 அங்குலம் கிடைக்கிறது. தொட்டிக்கும் டயருக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்க்கத் தாராளமாக இடம் இருந்தது.

கடைக்காரர் கேட்கும் அடுத்த எண், இரு ஸ்பிரிங் பட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கான தூரம். பழைய ஆக்சிலில் அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அறுபது ஆண்டு உழைத்த சட்டத்தில் ஸ்பிரிங் தாங்கிகள் வளைந்திருக்கவும் கூடும். டிரெய்லரை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ரசமட்டம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நடு போல்ட்டிலிருந்தும், முன்பின் தாங்கிகளின் நடுவிலிருந்தும் தூக்குநூல் விட்டு, சிமென்ட் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியை உருட்டித் தள்ளிவிட்டுத் தரையில் அந்தப் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் சட்டத்தின் உண்மையான வடிவம் அங்கே வரைபடமாகக் கிடக்கும். இரு மூலைவிட்டங்களும் சமமாக வந்தன. வராமல் இருந்திருந்தால் ஆக்சிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சட்டத்தை நிமிர்த்தும் வேலை வந்திருக்கும்.

ஆக்சிலுக்கு 3,500 பவுண்டு, ஏறத்தாழ 1,588 கிலோ தாங்கும் வகையைத் தேர்ந்தேன். முழுச் சுமையோடும் என் டிரெய்லர் 1,500 பவுண்டைத் தாண்டப் போவதில்லை; 2,000 பவுண்டு ஆக்சிலே போதுமே என்று கேட்கலாம். சுமைக்காக மட்டும் அல்ல, பேரிங்குக்காகவே பெரியதை எடுத்தேன். 3,500 பவுண்டு ஆக்சிலில் வழக்கமாக வரும் எல்68149 உள் பேரிங்கும் எல்44649 வெளிப் பேரிங்கும் இந்த நாட்டில் சிற்றூர்க் கடையிலும் அலமாரியில் இருக்கும். படகு டிரெய்லர், குதிரை டிரெய்லர், புல்வெட்டி டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அவையே. சிறிய ஆக்சிலுக்குக் கூடுதலாக இன்னொரு குறை, 5 அங்குல வட்டத்தில் பத்து அங்குலப் பிரேக் டிரம்மோடு ஹப் தேடினால் தேர்வு மிகக் குறைவு.

ஆக்சில் பெரியது என்பதற்காக ஸ்பிரிங்கும் பெரியதாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. இந்த இடத்தில் பலர் தடம் மாறிப் போவதைப் பார்க்கிறேன். 3,500 பவுண்டுக்கான பட்டைகளைப் போட்டு அதன் மேல் பாதிச் சுமைகூட ஏற்றாமல் ஓட்டினால், ஸ்பிரிங் அசையவே அசையாது. ஒவ்வொரு குழிக்கும் டிரெய்லர் முழுதாக எகிறும், உள்ளே இருக்கும் அரிசி டப்பாவும் அடுப்பும் தொட்டியை உள்ளிருந்தே இடித்துப் பழுதாக்கும். இராணுவம் கொடுத்த பழைய பட்டைகள் இந்தத் தொட்டிக்கும் இந்தச் சுமைக்கும் என்றே கணக்கிடப்பட்டவை. அவற்றையே கழற்றி, ஒவ்வொரு பட்டையாகப் பிரித்துக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் பூசி, புது நடு போல்ட்டும் புது புஷ்ஷும் போட்டுத் திரும்பக் கட்டினேன். பிரித்தபோது மேல் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். முழுப் பட்டை மணியாக ஒலிக்கும், விரிசல் விட்ட பட்டையில் ஓசை சட்டென்று அடங்கிவிடும்.

பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1980களிலிருந்து அமெரிக்க இராணுவ வண்டிகளுக்குப் பூசிய, இரசாயன ஆயுதங்களின் நச்சு ஊறாத பூச்சைச் சுருக்கமாகக் கார்க் என்பார்கள். அதில் ஐசோசயனேட் உண்டு. அதற்கு அடியில் உள்ள பழைய அடிப்பூச்சுகளில் ஈயமோ குரோமேட்டோ இருக்க வாய்ப்பு உண்டு. கிரைண்டரை வைத்துத் தேய்த்தாலும் வெல்டிங் சூட்டில் வெந்தாலும் கிளம்பும் தூசியும் புகையும் நுரையீரலுக்கு ஆகாதவை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்கிற வேலை அல்ல இது. இதற்காகவே வேலையின் திட்டத்தையே, பழைய சட்டத்தில் எங்கும் வெல்டிங் வராதபடி போட்டேன். வெல்டிங் எல்லாம் புது ஆக்சிலில் மட்டும்; சட்டத்தில் சேர்வன எல்லாம் போல்ட். பின்னால் யாராவது இதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக நினைத்தாலும் ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆக்சிலை வெறும் குழாயாகப் பார்க்கக் கூடாது. வந்து இறங்கியதும் அதைத் தரையில் கிடத்தி, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி இலேசாக வில்லாக வளைந்திருப்பது தெரியும். தயாரிக்கும்போதே வேண்டுமென்று கொடுக்கிற வளைவு அது. வளைவின் முதுகு வானத்தைப் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது முதுகு தாழ்ந்து, சக்கரங்கள் நேர்க்குத்தாக நிற்கும். தலைகீழாகப் பொருத்தினால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சரிந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து தீரும். ஸ்பிரிங்குக்குக் கீழே ஆக்சில் வரும்படி வைத்ததால், ஸ்பிரிங் அமரும் இருக்கைகளை வளைவின் முதுகுப் பக்கமே வைக்க வேண்டும். முதுகு எது என்று தெரிந்தவுடனே ஒரு நூலைக் கட்டி நேர்கோடு எடுத்து, மஞ்சள் மார்க்கரால் குழாயின் நீளத்துக்கும் கோடு போட்டுவிட்டேன்.

வெல்டிங் செய்தவர் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர். ஊரில் அவருடைய அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. பகலில் கணிப்பொறி வேலை பார்க்கும் அவர், கையில் வெல்டிங் துப்பாக்கி வந்தால் வேறு ஆளாகிவிடுகிறார். இருக்கைகளை வைத்துக் காட்டியதும், "அண்ணே, முதல்ல ஹப்பு ரெண்டையும் கழத்துங்க, பேரிங்கு உள்ள இருக்கையில கரண்டு அதுவழியாப் போச்சுன்னா உருளைல எல்லாம் புள்ளி விழுந்துரும்" என்றார். எர்த் கிளிப்பை ஆக்சில் குழாயின் சுத்தம் செய்த இடத்திலேயே, வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். இருக்கைகளை முதலில் புள்ளி வைத்துப் பிடித்து, ஆக்சிலை அப்படியே தூக்கி ஸ்பிரிங்கில் பொருத்தி, அளவு பார்த்த பிறகே முழு வெல்டிங். குழாயைச் சுற்றி வளையமாக வெல்டிங் ஓட்டக் கூடாது, இருக்கையின் நீளவாக்கில் மட்டும் ஓட்ட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்; சுற்றி ஓட்டிய இடத்தில்தான் பின்னொரு நாள் குழாய் முறியும் என்பது அவர் அப்பாவின் பட்டறைப் பாடம். ஒரு பக்கம் கொஞ்சம், சூடு ஆறவிட்டு மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டியதில் குழாயின் வளைவு கலையவில்லை.

ஆக்சில் நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். முன் வளையத்தின் நடுவிலிருந்து இடப்பக்க ஆக்சில் முனை வரைக்கும், பிறகு வலப்பக்க ஆக்சில் முனை வரைக்கும் எஃகு டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தால், இரண்டும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் டிரெய்லர் நண்டாகப் பக்கவாட்டில் நடக்கும். இந்த அளவு சரியாக வந்த பிறகுதான் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும், வட்டக் குழாய்க்கான யு போல்ட்டுகளை முழு முறுக்கத்துக்குக் கொண்டுபோனேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அவற்றைத் திரும்ப முறுக்க வேண்டும். பெயிண்ட் நசுங்கிய அளவுக்கு அவை தளர்ந்திருக்கும்.

பிரேக்குக்கு மின்சார வகையையே எடுத்தேன். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஜீப்பில் பிரேக்கை மிதித்ததும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு மின்சாரம் அனுப்ப, காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தைக் கவ்விக்கொண்டு அதோடு சற்றே இழுபடுகிறது, அந்த இழுப்பு ஒரு கைநெம்பின் வழியாகப் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. இடப்பக்கத்துப் பிரேக்கும் வலப்பக்கத்துப் பிரேக்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்றிப் போடக் கூடாதவை; லைனிங் நீளம் குறைந்த ஷூ இரண்டு பக்கமும் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பிரேக் பொருத்தும் நான்கு துளைத் தட்டு ஆக்சிலிலேயே வெல்டிங் செய்து வரும்படி கேட்டு வாங்கிவிடுவது நல்லது. இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டு இல்லாமல் வாங்கினால், பேரிங் அமரும் இடத்துக்கு ஒட்டினாற்போல் வெல்டிங் செய்யும் நிலை பின்னால் வரும். பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. என் டிரெய்லரின் எடைக்கு அது கட்டாயம் இல்லாவிட்டாலும், மலையிறக்கத்தில் சட்டப் புத்தகமா வந்து வண்டியை நிறுத்தப் போகிறது? கொக்கி கழன்று போனால் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும் சிறு பேட்டரிப் பெட்டி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். பழைய ஆக்சிலோடு கைப்பிரேக்கும் போய்விட்டதால், நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

விளக்கு வேலை விரைவில் முடிந்தது. இராணுவ வண்டிகளில் 24 வோல்ட். அதில் பகைவர் கண்ணில் படாமல் மங்கலாக எரியும் விளக்குகளும் உண்டு. அவை ஜீப்பின் 12 வோல்ட்டில் உருப்படியாக எரியாது. பன்னிரண்டு முள் கொண்ட பழைய பிளக்கையும் வயரையும் முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எல்இடி விளக்குகளும் ஏழு முள் பிளக்கும் போட்டேன். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடம், பச்சை வலம், நீலம் பிரேக் என்பது இங்குள்ள பொது வழக்கம். எர்த்தைச் சட்டத்தின் வழியாக விடாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயரில் கொண்டுவந்தேன். டிரெய்லர் விளக்குகள் கண் சிமிட்டுவதற்குப் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த்தைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

பேரிங்கைப் பொருத்துவதில் அவசரம் கூடாது. கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். பிறகு டிரம்மைச் சுற்றிக்கொண்டே நடு நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் நட்டைத் தளர்த்தி, விரல் வலுவில் மட்டும் திரும்ப முறுக்கி, காட்டர் பின் நுழையும் அடுத்த துளைவரை பின்னால் கொண்டுவந்து பின்னை மடக்க வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக மெல்லிய அசைவு தெரிய வேண்டும். அசைவே இல்லாத இறுக்கம் நல்லதென்று நினைக்கிறவர்களின் பேரிங்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் புகைகிறது. வீல் நட்டுகளை 90 முதல் 120 அடி-பவுண்டுக்குள், எதிரெதிராக, படிப்படியாக முறுக்கி, முதல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது மைலில் நிறுத்தி முறுக்கத்தைச் சரிபார்த்தேன்.

மட்கார்டுதான் கொஞ்சம் அழகைக் கெடுத்துவிட்டது. தடம் அகன்றதால் டயர்கள் பழைய மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மட்கார்டின் விளிம்பில் இருந்த துளைகளைப் பயன்படுத்தி, தடித்த ரப்பர்ப் பட்டையை போல்ட் போட்டு நீட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் தெறிக்கும் கல் பின்னால் வருகிறவரின் கண்ணாடிக்குப் போவதில்லை. உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை. பழைய டயரைவிடப் புது டயரின் விட்டம் அதிகம், அது 32 அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது என்றாலும், தரையிலிருந்து ஏறும் உயரம் அந்த வேறுபாட்டில் பாதிதான்.

யூட்டாவின் மோவாப் பக்கத்து மணல் ஓடைகளில் இழுத்துப் பார்த்தபோது, பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரெய்லரின் தடம் தனியாகத் தெரியவில்லை, ஜீப்பின் தடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. நிறுத்திய இடங்களில் ஹப்பின் மூடியைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு மட்டுமே இருந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பழைய ஆக்சிலையும் சக்கரங்களையும், தன் எம்416ஐ இராணுவத்திலிருந்து வந்தபடியே வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருப்பது டிராபார், அதாவது தொட்டியிலிருந்து முன் வளையம்வரை நீளும் இழுசட்டம். அது குட்டையாக இருப்பதால், பின்னோக்கி எடுக்கும்போது டிரெய்லர் சட்டென்று மடங்கிவிடுகிறது, ஜீப்பின் பின்கதவையும் முழுதாகத் திறக்க முடியவில்லை. நீட்டலாம் என்றால் கொக்கியின் மேல் இறங்கும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் இறங்கினால்தான் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டாது. கொக்கியிலிருந்து ஆக்சில்வரை 80 அங்குலம், மொத்த எடை 1,300 பவுண்டு, சுமையின் மையம் ஆக்சிலுக்கு 8 அங்குலம் முன்னால் என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் இறங்குவது 130 பவுண்டு, சரியாகப் பத்து விழுக்காடு. டிராபாரை 16 அங்குலம் நீட்டினால் அதே சுமைக்குக் கொக்கியில் சுமார் 108 பவுண்டுதான் இறங்கும், அது எட்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே டிராபாரை நீட்டும்போதே கருவிப் பெட்டியையும் தண்ணீர்க் கேன்களையும் தொட்டிக்கு வெளியே, டிராபாரின் மேல் கொண்டுவந்து பொருத்தப் போகிறேன். பொருத்திய பிறகு குளியலறை எடைப்பொறியை வளையத்துக்கு அடியில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பயணம்.